தொட்ட கைகள்: செங்கற்பட்டுச் சேரிகளில் கிறித்தவ விசுவாசமும் நலம்பெற்ற வரலாறும்

கிறித்தவம் நம் மக்களின் நோயைத் தீர்த்ததா, பெயரை மட்டும் மாற்றியதா என்னும் வினா நம் குடியிருப்புகளுக்குப் புதிதன்று. புதுவாயலிலும் கவரைப்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஒரே வீட்டில் அண்ணன் முருகேசனாகவும் தம்பி மோசேயாகவும் இருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம் சங்கத்திலும் அவ்வாறே. அம்மனுக்குக் கூழ் வார்ப்போரும், பௌத்த நெறி நிற்போரும், ஞாயிறுதோறும் வேதப்புத்தகம் ஏந்திச் செல்வோரும் ஒரே பாயில் அமர்ந்து நம் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசி வந்துள்ளனர். ஆகவே இவ்வினாவைச் சமயப் பிரசங்கியாரிடமும் விடாமல், சமய விரோதியிடமும் விடாமல், வரலாற்றினிடம் கேட்பதே முறையென நாம் கருதுகிறோம்.

நோய் எது என்பதை முதலில் அறிதல் வேண்டும். நம் பகுதி இன்று திருவள்ளூர் மாவட்டம். 1997க்கு முன் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் என்பார் 1891ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்த பறையர்களின் நிலைபற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அவ்வறிக்கை காட்டும் சேரி நம் பாட்டனார் வாழ்ந்த சேரியே. குடியிருந்த மனைக்கு உரிமையில்லை. நத்தம் மிராசுதாருடையது என்பதே வழக்கு. திருமணத்துக்கென வாங்கிய சிறுகடனுக்குத் தகப்பன் படியாளாகப் போவான். அக்கடன் தீராமலே அவன் இறக்க, மகன் அதனைச் சுமப்பான். அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என 1843இலேயே கும்பினி அரசு சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் காகிதத்தில் ஒழிந்தது களத்துமேட்டில் ஒழியவில்லை. தரிசு நிலத்துக்கு நம்மவர் விண்ணப்பம் இட்டால், முன்னுரிமை தமக்கே என மிராசுதார் மறிப்பர்.

இந்நிலையில் உடலுக்கு வரும் நோய்க்கு மருந்து தேடிப் பயன் என்ன? குடிக்கும் நீர் குட்டைநீர், அதனால் பேதி. உண்ணும் கஞ்சி அரைவயிற்றுக்கு. அதனால் காய்ச்சல் கண்டவன் எழுவதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இறந்த பல லட்சம் பேரில் நிலமற்ற கூலிகளே மிகுதி. அவர்களைக் கொன்றது மழையின்மை மட்டுமன்று. மழை பெய்த ஆண்டிலும் அவர்களுக்குச் சேமிப்பென ஒரு மரக்கால் நெல் இருந்ததில்லை.

அப்பஞ்சத்தை ஒட்டி மாகாணத்தின் பல பகுதிகளில் நம் மக்கள் குடும்பம் குடும்பமாகத் திருமுழுக்குப் பெற்றனர். 'கஞ்சிக்கு மதம் மாறியவர்கள்' என்னும் ஏளனச் சொல் அன்று தோன்றி இன்றளவும் ஒழியவில்லை. பசித்தவன் கஞ்சி கேட்பது குற்றமெனில் அக்குற்றத்தை நாம் மறுக்கப்போவதில்லை. ஆனால் பஞ்சம் நீங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் அவ்வியக்கம் வளர்ந்ததற்கு ஏளனக்காரரிடம் விடையில்லை. திருமுழுக்குப் பெற்றவனுக்கு அன்று கிடைத்தது பெரும்பாலும் கஞ்சியன்று, தண்டனை. வேலை மறுக்கப்பட்டது, மனையை விட்டு வெளியேறு என்ற மிரட்டல் வந்தது, பழைய கடனை உடனே கொடு என வழக்கு வந்தது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஒருவன் ஒரு நம்பிக்கையைப் பற்றி நின்றானெனில், அதில் அவன் கண்ட பொருள் வயிற்றைக் கடந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

அப்பொருள் யாது? சேரிக்குள் ஒருவர் வந்தார் என்பதே அதன் தொடக்கம். 1882இல் சென்னை வந்த வெஸ்லியன் மிஷன் பாதிரியார் வில்லியம் கௌடி, திருவள்ளூரையும் அதனை அடுத்த ஈக்காட்டையும் இருப்பிடமாக்கிச் சுற்றுப்புறச் சேரிகளில் உழைத்தார். திருவள்ளூரில் அவர் பெயர் தாங்கும் பள்ளியில் படித்தோர் நம் உறவினரிடையே உளர். தென்பகுதியில் ஸ்காத்லாந்து பிரீ சர்ச்சைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு, நிலமற்றோரைக் குடியேற்றி மெல்ரோசாபுரம் போன்ற விவசாயக் குடியேற்றங்களை உண்டாக்கினார். இவர்களைப் போன்றோர் வந்து திண்ணையில் அமர்ந்தனர். பிள்ளையின் பெயரைக் கேட்டனர். ஊர்த்தெருவார் நிழல் படாமல் ஒதுங்கிய மனிதனின் கையைப் பிடித்துப் பேசினர். உபதேசியார் ஒருவரை அமர்த்தி இரவுப்பள்ளி நடத்தினர். அவ்வுபதேசியாருள் பலர் நம்மவரே.

அவ்விரவுப்பள்ளியின் பயனைச் சிலர் வேதம் படித்தல் என்று மட்டும் எண்ணுவர். எழுத்தறிந்தவன் வேதத்தைப் படித்த அன்றே தன் கடன் பத்திரத்தையும் படித்தான். கைந்நாட்டு வைத்த தாளில் எழுதியிருந்த தொகை யாது, தான் வாங்கிய தொகை யாது என்று அவன் கேட்கத் தொடங்கிய நாளில் ஊரில் எழுந்த கோபத்தை எண்ணிப் பார்த்தால், கல்வியும் ஒரு மருத்துவம் என்பது விளங்கும். மிஷன்காரர் அரசாங்கத்துக்கு அனுப்பிய முறையீடுகளும் டிரெமன்ஹீரின் அறிக்கையும் சேர்ந்தே 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணைக்கு வழி வகுத்தன. அதன்வழி நம் மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கும் முறை பிறந்தது. பஞ்சமி நிலம் என நாம் வழங்குவது அதனையே.

உடல்நோய்க்கு வருவோம். நம் பகுதிப் பெண்டிர்க்கு மிக நெருங்கிய பெயர் ரெய்னி ஆஸ்பத்திரி. கவரைப்பேட்டையில் ரயிலேறிச் சென்று வண்ணாரப்பேட்டையில் இறங்கினால் அடையக்கூடிய மருத்துவமனை அது. ஸ்காத்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்த மட்டில்டா மக்பெயில் என்னும் அம்மையார், பெண்கள் மருத்துவம் படிப்பதே அரிதாயிருந்த காலத்தில் இலண்டனில் பட்டம் பெற்று 1888இல் சென்னை வந்து ஒரு சிறு மருந்தகம் தொடங்கினார். அது வளர்ந்து 1914இல் கிறிஸ்டினா ரெய்னி மருத்துவமனையாயிற்று. வேலூர் மருத்துவமனையின் ஐடா ஸ்கடர் அம்மையாரை எல்லோரும் அறிவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் தேட, ஆண் மருத்துவரான தந்தையை அவர்கள் ஏற்க மறுக்க, மூன்று பெண்களும் இறந்தனர் என்பதும், அதுவே அவரை மருத்துவராக்கியது என்பதும் பலமுறை சொல்லப்பட்ட வரலாறு. அம்மூன்று வீடுகளில் எதுவும் சேரியில் இல்லை என்பதை மட்டும் நாம் சேர்த்துச் சொல்வோம். அவ்வீட்டுப் பெண்களைக் கொன்றது திரை. நம் வீட்டுப் பெண்களுக்குத் திரையுமில்லை, மருத்துவருமில்லை. நாற்று நடும் வயலிலிருந்து வீடு வந்து பிள்ளை பெற்றுச் சில நாளில் மீண்டும் வயலுக்குச் சென்ற பாட்டிமாரை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அவ்வாறு செல்ல இயலாமல் மாண்டவரைப் பற்றிப் பேச யாருமில்லை. அவர்களது பேத்திமார், ஒரு படுக்கையில் ஊராரும் அடுத்த படுக்கையில் தாமுமாகக் கிடந்து, ஒரே தாதியின் கையால் கஞ்சி பெற்றது மருந்தினும் வலிய மருந்து.

எனினும் நாம் நெடிது நின்று பார்க்க விரும்புவது செங்கற்பட்டை அடுத்த திருமணியை. தொழுநோயாளர்க்கென அங்கே லேடி வில்லிங்டன் பெயரால் நிலையம் எழுந்தது. ஸ்காத்லாந்து மிஷனார் அதனை நடத்தினர். தொழுநோயாளியின் நிலையை விளக்க நமக்கு நூல் வேண்டுவதில்லை. ஊருக்கு வெளியே இருப்பிடம், தனிப் பாத்திரம், எட்ட நின்று போடும் சோறு, பொதுக்கிணற்றுக்குத் தடை. நோயில்லாமலே இவை யாவும் நமக்கு விதிக்கப்பட்டிருந்தன. நம்மில் ஒருவனுக்குத் தொழுநோய் கண்டால் சேரியும் அவனை ஒதுக்கியது. அதாவது தீண்டப்படாதவனிலும் தீண்டப்படாதவன் ஆனான். இதனைச் சொல்ல நாணுகிறோம். ஆனால் சொல்லாமல் விடலாகாது.

1930களில் திருமணியில் பொறுப்பேற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன், பழைய சாலமுக்ரா வகை எண்ணெய் ஊசியோடு நில்லாமல் 1940களில் சல்போன் மருந்தினைப் பயன்படுத்தியவர்களுள் முன்னோடி. 1947இல் அவர் தம் நிலையத்தைப் பார்க்க வேலூரிலிருந்து ஓர் இளம் அறுவை மருத்துவரை அழைத்து வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். அங்கே விரல்கள் மடங்கி நகம்போல் இறுகிய கையுடைய நோயாளி ஒருவரைக் கண்டார். தம் கையை அம்மடங்கிய கைக்குள் வைத்து, 'அழுத்திப் பிடியுங்கள்' என்றார். வலுவற்ற பிடியை எதிர்பார்த்தவர், நகம் பதிய வலியால் துடித்தார். அக்கையில் வலு இருந்தது! செத்ததென்று உலகம் விட்டுவிட்ட கையில் நல்ல தசைகள் உயிரோடிருந்தன. சில தசைகளே செயலிழந்திருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தினால் விரல் நிமிரும் என்னும் எண்ணம் அங்கே முளைத்தது. அடுத்த ஆண்டே வேலூரில் அறுவை தொடங்கிற்று. மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. சோற்றைப் பிசைந்து உண்ணும் கைகள் ஆயின.

நோயாளியின் கையைப் பிடிக்காமல் இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்க முடியாது என்பதை நம் இளைஞர் கருதுதல் வேண்டும். சுவிசேஷத்தில் இயேசுநாதர் தொழுநோயாளியைச் சொல்லாலேயே குணமாக்கியிருக்கலாம். ஆனால் கையை நீட்டித் தொட்டார் என்றே எழுதப்பட்டுள்ளது. பதினெட்டு ஆண்டு நிமிரக் கூடாதிருந்த கூனிப் பெண்மீதும் அவர் கைகளை வைத்தார். இக்கதைகள் சேரியில் வாசிக்கப்பட்டபோது அவற்றை அற்புதமென்று வியப்பதற்கு முன்னமே நம் மக்கள் வேறொன்றைக் கேட்டிருப்பர்: தொட்டாரா?

பிராண்ட் கண்ட இன்னொரு செய்தியும் நமக்குரியது. தொழுநோயாளியின் விரல் குறைவது நோய் தின்பதனால் என்றே உலகம் நம்பிற்று. அவரும் அவரோடு உழைத்தோரும் ஆராய்ந்து, உணர்ச்சி இழந்த கை சூடும் கூரும் அறியாமல் நாள்தோறும் புண்படுவதே காரணமென நிறுவினர். வலியே காவல். வலி இல்லாதவன் தன்னையே அழித்துக்கொள்கிறான். தலைமுறை தலைமுறையாக இழிசொல் கேட்டுக் கேட்டு மரத்துப்போன ஒரு சமூகத்துக்கும் இது பொருந்தும் என நாம் நினைக்கிறோம். 'அப்படித்தான் சாமி' என்று குனிந்து நின்றவனுக்கு முதலில் வந்த நலம் வலியே. எல்லா மனிதரும் ஒரே கடவுளின் சாயல் என்று கேட்ட பிறகுதான் அவனுக்கு அவமானம் உறைத்தது. உணர்விழந்த பாதங்களுக்கென வேலூரில் மென்மையான ரப்பர்ச் செருப்பு செய்தனர். ஊர்த்தெருவில் நடக்கையில் செருப்பைக் கழற்றிக் கையில் ஏந்திச் சென்ற நம் பாட்டனார் இதனைக் கேள்வியுற்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

திருமணி நிலையத்தை 1955இல் இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. 1980களில் கூட்டு மருந்து முறை வந்தபின் தொழுநோய் முற்றும் குணமாகும் நோயாயிற்று.

இதனைச் சொல்லும்போதே நம் பகுதியில் இந்நாளில் காணும் ஒன்றையும் சொல்லவேண்டும். தொழிற்பேட்டை வந்தபின் ஊர்தோறும் ஜெபக்கூடங்கள் எழுந்துள்ளன. குடித்து அழிந்த கணவன் அங்கே குடியை விட்டதையும், எவரும் பேர்சொல்லி அழையாத பெண் அங்கே 'சகோதரி' எனப் பெற்றதையும் நாம் கண்டிருக்கிறோம், மறுக்கமாட்டோம். ஆனால் காசநோய்க்கு மாதக்கணக்கில் தவறாமல் உண்ணவேண்டிய மாத்திரையை, 'விசுவாசம் போதும்' என்று பாதியில் நிறுத்தச் சொல்லும் குரலும் சில இடங்களில் கேட்கிறது. நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறும்; வீட்டாருக்கும் பரவும். மக்பெயில் அம்மையாரும் காக்ரேனும் பிராண்டும் ஜெபித்தவர்களே. அவர்கள் ஜெபித்துவிட்டு மருந்தும் கத்தியும் எடுத்தனர். மாத்திரையை எறியச் சொல்பவர் அவர்களின் வழியினர் அல்லர்.

நலத்தைப் பேசிய நாம் காயத்தையும் பேசக் கடமைப்பட்டுள்ளோம். நமக்குக் கிழக்கே பழவேற்காட்டில் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த டச்சுக்காரரும் கிறித்தவரே. துணியோடு மனிதரையும், பஞ்சகாலத்தில் தம்மை விற்றுக்கொண்ட ஏழைகளையும், கப்பலேற்றிக் கடல்கடந்து அடிமைகளாக விற்றனர். அதே வேதப்புத்தகம் அவர்கள் கையிலும் இருந்தது. திருச்சபைக்குள்ளும் சாதி செருப்போடு நுழைந்தது. 1833இல் பிஷப் வில்சன் சபையில் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறித்தவர் சபையை விட்டு விலகினரேயன்றிச் சாதியை விட்டு விலகவில்லை. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலையே இரு சிறகாகக் கட்டி நடுவில் தடுப்பு வைத்தனர். 1910இல் அத்தடுப்பு அகற்றப்பட்டபோது, அதனை மீண்டும் வேண்டுமெனச் சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடினர். நமக்குத் தனிக் கல்லறை ஒதுக்கும் ஊர்கள் பின்னரும் இருந்தன. மிஷன் பாதிரிமாரும் குறையற்றவர் அல்லர். நம்மேல் இரக்கம் கொண்ட அதே ஏட்டில் நம்மைச் சோம்பர் என்றும் ஒழுக்கமற்றோர் என்றும் எழுதியோர் பலர். இவற்றையெல்லாம் அறிந்தே நம் முன்னோர் வெவ்வேறு வழி சென்றனர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் பௌத்தம் தழுவினார். இதே செங்கற்பட்டு மாவட்டத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் மதம் மாறாமலே போராடினார். எம்.சி. ராஜா வெஸ்லி மிஷன் பள்ளியிலும் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தும் கிறித்தவராகவில்லை. மூவரையும் நாம் வணங்குகிறோம்.

சபை தந்த காயத்தோடு அரசு தந்த காயமும் உண்டு. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துவல்லாத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்பவர், இந்துவான தொழிலாளர்க்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தமக்கு மட்டும் மதத்தின் பேரால் மறுக்கப்பட்டதென உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அதே இழிவு அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை எனக் கூறி 1985இல் அம்மனு தள்ளப்பட்டது. ஊசியும் தோலும் தெருவோரமும் சான்றாகவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத வேற்றுமையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. இடையே நம் வீடுகளில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு வேறொரு சான்றிதழ். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் மாதத்தில் ஒரே குடும்பத்தில் எழும் பிணக்கினை நம் சங்கத்து மூத்தோர் அறிவர்.

ஊரில் நம்மைப் பிரித்தறிய எவரும் சான்றிதழ் கேட்டதில்லை. 1892இன் ஆணைவழி வந்த பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்குப் போனதை எதிர்த்து 1994இல் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் நம் மக்கள் எழுந்தனர். அந்நிலத்தில் அண்ணல் அம்பேத்கர் சிலையை நிறுவினர். சிலை அகற்றப்பட்டது. அதற்கு நியாயம் கேட்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் திரண்டபோது காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ். மற்றவர் பெயர் ஏழுமலை.

நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் அவ்வாறு அளிக்கப்பட்ட நிலம் எவ்வெவ் ஊரில் எவ்வளவு, இன்று எவர் பெயரில் உள்ளது என்பதைக் கிராமக் கணக்கிலிருந்து படியெடுக்கும் பணி இவ்வாண்டு நம் சங்க இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. பழைய கணக்கில் 'டி.சி.' என்றோ 'நிபந்தனை' என்றோ குறிப்புள்ள சர்வே எண்கள் தத்தம் ஊரில் தெரிந்தோர், எக்கோயிலுக்குச் செல்பவராயினும், அவற்றை எழுதிச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.